சத்துமாவின் கழுத்துப்பட்டை

ஒரு கையில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆடு இடிக்கிற இடத்தில் நின்று, "ஜெரால்டு, இப்ப அமுக்குப்பா!" என்று கத்தினேன்.

பெங்களூரில் உட்கார்ந்திருந்த என் மகன் அமுக்கினான். அய்யலூர் சந்தையில் ஒரு ஆடு அலறியது.

அலறியது என்றால் 'மே' என்று அல்ல. ஆம்புலன்ஸ் அலறுவதுபோல. கழுத்தடியிலிருந்து 'கீங் கீங்' என்று சத்தம் வர, ஒரு கறுப்புக் கிடாய் நாலு காலையும் ஒன்றாகத் தூக்கி ஆளுயரத்துக்குத் துள்ளியது. பக்கத்தில் நின்ற ஆடுகள் காரணம் கேட்காமல் தாங்களும் துள்ளின. யாருடைய டீ கிளாஸோ உடைந்தது. கிடாயின் பக்கத்தில் நின்ற தரகர் மட்டும் கலங்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாத்தீகளா, கிடா எம்புட்டுத் துடியா நிக்கிதுன்னு! இதுக்கா வெலையக் கொறைக்கச் சொல்றீக?" என்று அந்த நிமிஷமே விலையை ஏற்றினார்.

பிள்ளைகளே, நான் ஆடு வாங்கப் போனவன் இல்லை. காணாமல்போன எங்கள் நாயைத் தேடிப் போனவன். நாயின் கழுத்தில் இருக்கவேண்டிய பட்டை ஆட்டின் கழுத்தில் இருந்தது. நாய் எங்கே என்று அந்த ஆட்டுக்குச் சொந்தக்காரருக்குத்தான் தெரியும். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஊர் திரும்பினால், என் பக்கத்தில் பள்ளிக்கூட யூனிஃபார்மோடு நின்ற மகள் ஜெனியின் முகத்தை நான் பார்க்க முடியாது.

வாராவாரம் இந்தத் தொடரை எழுதினாலும், நான் பத்தாவது வரை படித்தவன்தான். எழுத்தில் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திவிடுகிறார்கள். நடந்ததில் இருக்கிற பிழையை அவர்களாலும் திருத்த முடியாது. ஆகவே நடந்தபடியே சொல்கிறேன்.

மில்லுக்கு வந்த நாய்

திண்டுக்கல்லில் பழனி ரோட்டுப் பக்கம் என் மாவு மில். முன்னால் மில், பின்னால் வீடு. ஒரு மழைநாளில் மல்லி அரைக்க வந்த ஒருவருக்குப் பின்னால் ஒரு செவலைக் குட்டி வந்தது. அவர் மல்லித்தூளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். குட்டி போகவில்லை. சத்துமாவு மூட்டைமேல் ஏறி, மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

ஜெனி அப்போது சின்னப் பிள்ளை. "சத்துமாவு" என்று பேர் வைத்துவிட்டாள். "ஏன் பாப்பா, மணி, டைகர்னு வச்சா என்ன?" என்று கேட்டேன். "மணின்னு கூப்பிட்டா தெருவுல நாலு நாய் திரும்பும்ப்பா" என்றாள். அதுவும் நியாயந்தான்.

அது செவலை நாய் என்பது எங்களுக்குத் தெரியும். வருகிறவர்களுக்குத் தெரியாது. கோதுமை அரைக்கிற அன்று வெள்ளை நாய். கேப்பை அரைக்கிற அன்று பழுப்பு நாய். பொங்கலுக்கு முன்னால் மஞ்சள் அரைத்தோமானால், கல்யாணப் பத்திரிகைபோல நாலு மூலையும் மஞ்சளாகத் திரியும். மிளகாய் அரைக்கிற அன்று காலையிலேயே எழுந்து எதிரே இருக்கிற மருந்துக்கடைப் படியில் போய் உட்கார்ந்துவிடும். எங்கள் வீட்டில் முன்யோசனையோடு நடக்கிற ஜீவன் அது ஒன்றுதான்.

அந்த நாய் தன் வாழ்நாளில் மருந்துக்கடையைத் தாண்டிப் போனதில்லை. இதை நினைவில் வையுங்கள்.

பெங்களூரிலிருந்து வந்த பெட்டிகள்

ஜெரால்டு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். என்ன வேலை என்று கேட்டால் பொறுமையாகச் சொல்வான். சொல்லி முடித்தபிறகும் எனக்குத் தெரியாது. ஊரில் இருந்தவரை அவனும் சத்துமாவும் ஒரே பாயில் படுப்பார்கள். அவன் பஸ் ஏறிப் போன பிறகு பெட்டிகள் வர ஆரம்பித்தன.

முதல் பெட்டியில் ஒரு கேமரா. மில்லின் உத்தரத்தில் மாட்டச் சொன்னான். மாட்டினேன். மறுநாள் கூட்டமாக ஆள் நிற்கும்போது உத்தரத்திலிருந்து, "அப்பா, மாஸ்க் போடுங்க!" என்று ஒரு குரல். இடியாப்ப மாவு அரைக்க வந்திருந்த அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். என் மனைவி ஸ்டெல்லா அன்றிலிருந்து மத்தியானம் சாப்பிட உட்காரும்போது கேமரா மேல் ஒரு ஈரத்துண்டைப் போட்டுவிடுவாள். "பெத்த மகன்தானே" என்றால், "பெத்த மகனா இருந்தாலும் வாயில சோத்த வைக்கையில மேல இருந்தா பாப்பான்?" என்பாள்.

ஒரு மாதத்தில் கேமராவில் மாவு படிந்துவிட்டது. "அப்பா, அங்க பனியா?" என்று சித்திரை மாதத்தில் கேட்டான்.

இரண்டாவது பெட்டி, நாய்க்குத் தானாகவே சாப்பாடு போடுகிற மிஷின். வேளை வந்ததும் "சத்து, சாப்பிட வாடா" என்று ஜெரால்டின் குரலில் கூப்பிட்டுவிட்டு ஒரு பிடி தீனியைக் கொட்டும். முதல் நாள் அந்தக் குரலைக் கேட்டதும் நாய் வாலை ஆட்டி ஆட்டி மிஷினைச் சுற்றி வந்தது. பின்னால் எட்டிப் பார்த்தது. மிஷினைக் கவிழ்த்தும் பார்த்தது. ஜெரால்டு இல்லை. பிறகு தீனியைத் தொடாமல் வாசலில் போய்ப் படுத்துவிட்டது. மறுநாளிலிருந்து அந்தக் குரலுக்குக் காக்கைகள் வந்தன. வேளை தவறாமல் வந்தன. ஜெரால்டின் போனுக்கு மட்டும், 'உங்கள் செல்லம் நன்றாகச் சாப்பிட்டது' என்று தினமும் மூன்று தடவை செய்தி போய்க்கொண்டிருந்தது.

அவனும் சந்தோஷமாக இருந்தான், காக்கைகளும் சந்தோஷமாக இருந்தன. எதற்குச் சொல்வானேன் என்று விட்டுவிட்டேன்.

இந்த மிஷின்கள் எதையும் என் போனிலிருந்து நடத்த முடியாது. என் போன் விரலை வைத்தால் திறக்கிற போன். எனக்கோ விரலில் ரேகை இல்லை. முப்பது வருஷமாக மாவைத் தொட்டுத் தொட்டுப் பதம் பார்த்ததில் அதுவும் சேர்ந்து அரைபட்டுவிட்டது. ரேஷன் கடையிலேயே ஒவ்வொரு மாதமும் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, "நீங்க நீங்க இல்லைன்னு காட்டுதுண்ணே" என்பார்கள். எண்ணை அமுக்கித் திறந்தாலோ உள்ளே இடம் இல்லை. உறவுக்காரர்கள் அனுப்புகிற காலை வணக்கமும் ரோஜாப் பூவும் போன் முழுக்க நிரம்பிக் கிடக்கும். அழித்தால் கோபித்துக்கொள்வார்களோ என்று நான் அழிப்பதில்லை. ஆகவே ஆப் எல்லாம் ஜெரால்டிடம். நாய் எங்களிடம்.

மூன்றாவது பெட்டி

மூன்றாவது பெட்டியில்தான் அந்தப் பட்டை வந்தது. நல்ல கனமான கறுப்புப் பட்டை. நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டி, அதில் ஒரு நீல விளக்கு.

"அப்பா, இதைக் கட்டிட்டா சத்து எங்க போனாலும் மேப்புல புள்ளியாத் தெரியும்" என்றான் ஜெரால்டு.

"அது எங்கயும் போகாதேப்பா."

"போனா?"

"போகாத நாய்க்கு எதுக்குடா வழி பாக்குற?" என்று ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

அன்று பள்ளிக்கூடம் லீவு. ஜெனிதான் பட்டையைக் கட்டினாள். அண்ணன் அனுப்பியது என்று அவளுக்குப் பெருமை. நாய் கழுத்தை இரண்டு தடவை சொறிந்துவிட்டுப் பேசாமல் இருந்தது. உத்தரத்துக் கேமராவிலிருந்து ஜெரால்டு, "சத்து, இங்க பாரு" என்றான். நாய் மேலே பார்த்தது. "அப்பா, இதுல சவுண்டு பட்டன்னு ஒண்ணு இருக்கு. எங்கயாவது புதருக்குள்ள கெடந்தாக் கண்டுபிடிக்கலாம். டெஸ்ட் பண்றேன்" என்றான்.

அமுக்கினான்.

தன் கழுத்தே தன்னைப் பார்த்து அலறினால் ஒரு நாய் என்ன செய்யும்? ஓடியது. ஓடினால் சத்தம் பின்தங்கிவிடும் என்று நினைத்திருக்கும். அதுவும் கூடவே ஓடியது. இன்னும் வேகமாக ஓடியது. சத்தமும் வேகமாக வந்தது.

"நிப்பாட்டுடா! நிப்பாட்டுடா!" என்று ஜெனி கேமராவைப் பார்த்துக் கத்தினாள்.

"அமுக்கிட்டேன்! ஆப்புல வட்டமாச் சுத்திக்கிட்டே இருக்கு, சத்தம் நிக்க மாட்டேங்குது!"

நான் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தபோது சத்துமாவு மருந்துக்கடையைத் தாண்டிவிட்டது. நாய் தொலையாமல் இருப்பதற்காக வந்த சாமான் நாயைத் தொலைத்துவிட்டது.

ஜெனி மில்லுக்குள் வந்து உத்தரத்தைப் பார்த்தாள். "நீ இனிமே என்கிட்டப் பேசாத" என்றாள். அம்மாவின் ஈரத்துண்டை எடுத்துக் கேமரா மேல் வீசினாள்.

தெருத்தெருவாக

நானும் ஜெனியும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஒவ்வொரு தெருமுனையிலும் நிறுத்தி, "சத்துமாவு! சத்துமாவு!" என்று கூப்பிட்டேன். மூன்றாவது தெருவில் ஒரு வீட்டிலிருந்து தூக்குவாளியோடு ஒரு அம்மா வந்தார்.

"கிலோ எம்புட்டுங்க?"

"விக்க வரலம்மா. நாயத் தேடுறேன்."

"நாய்க்குச் சத்துமாவா குடுக்குறீக? எங்க வீட்டுல புள்ளைகளுக்கே ராகிக் கஞ்சிதான்" என்று கதவைச் சாத்தினார்.

பேரை மாற்றிக் கூப்பிடவும் வழியில்லை. நாய்க்கு அந்தப் பேர்தான் தெரியும். ஊருக்கு அந்த மாவுதான் தெரியும்.

சாயங்காலம் ஜெரால்டு போன் செய்தான். புள்ளி நின்றுவிட்டதாம். பழனி ரோட்டில், ரெட்டியார்சத்திரத்துக்கு இந்தப் பக்கம். போனோம். புள்ளி இருக்கிற இடம் ஒரு குளம்.

"கரையிலயாப்பா?"

"இல்லப்பா. நடுவுல."

ஜெனி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். கையில் போன், அதில் ஸ்பீக்கரில் ஜெரால்டு. "இன்னும் செத்த முன்னாடி போங்கப்பா... லெஃப்டு... லெஃப்டு..." ஸ்பீக்கரில் அவனும் தண்ணீரில் நானும் சேர்ந்து "சத்துமாவு" என்று கூப்பிட்டோம். தண்ணீர்க்கோழி ஒன்று பறந்தது. வேறு ஒன்றும் இல்லை. இடுப்பளவு தண்ணீர் வந்ததும், "அப்பா, இது ஐநூறு மீட்டர் முன்னப்பின்ன காட்டுமாம். இப்பத்தான் கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கிறதப் பாத்தேன்" என்றான்.

ஐந்நூறு மீட்டர் முன்னப்பின்ன என்றால் எனக்கு மேப்பே வேண்டாம். என் நாய் திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது என்று நானே சொல்லிவிடுவேன்.

ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தோம். ஜெனி சாப்பிடவில்லை. சத்துமாவு படுக்கிற சாக்கை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

அறுபதில் ஓடும் நாய்

விடிகிற நேரத்துக்கு ஜெரால்டு திரும்பவும் கூப்பிட்டான். அவனும் தூங்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

"அப்பா, புள்ளி நகருது! ஊரைத் தாண்டித் திருச்சி ரோட்டுல போகுது. அறுபது கிலோமீட்டர் வேகம்!"

"சத்துமாவு அறுபதுல ஓடாதேப்பா. வண்டியிலதானே போகணும்?"

"ஆமாப்பா. யாரோ கொண்டு போறாங்க. பேட்டரி வேற சிவப்பாயிருச்சு. அது தீந்துட்டா புள்ளி மறைஞ்சிரும்."

அப்போதுதான் எங்கள் தெருவில் சிக்கந்தர் பாய் தன் குட்டியானை வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். பாய்க்கு என் மில்லுக்குப் பக்கத்தில் கறிக்கடை. அன்றைக்கு வியாழக்கிழமை, அய்யலூர் ஆட்டுச்சந்தை. வாரம் தவறாமல் போவார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏறு மாப்ள. அந்த வழியாத்தானே போறேன்."

ஜெனி யூனிஃபார்மோடு வந்து முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "பள்ளிக்கூடம்?" என்றேன். "வயித்து வலி" என்றாள், என்னைப் பார்க்காமல். பாய் வண்டியை எடுத்துவிட்டார்.

வடமதுரை தாண்டியதும் புள்ளி நின்றுவிட்டதாக ஜெரால்டு சொன்னான். எங்கே என்று பார்த்தால் அய்யலூர். சந்தைக்குள்ளேயே.

"நாய எதுக்கு மாப்ள ஆட்டுச்சந்தைக்குக் கொண்டுவாராக?" என்று பாய் யோசித்தார். "வாங்குறதுக்கும் ஆளில்ல, விக்கிறதுக்கும் ஆளில்ல."

சந்தைக்குள் நுழைந்ததும் எங்களுக்குப் புரிந்துவிட்டது, புள்ளியை வைத்துக்கொண்டு இங்கே ஒன்றும் செய்ய முடியாது என்று. எங்கே பார்த்தாலும் ஆடு. பனிக்காலத்துக் காலை, எல்லா ஆட்டின் மேலிருந்தும் ஆவி கிளம்புகிறது. புழுக்கை வாசமும் டீ வாசமும் ஒன்றாக வருகிறது. நாய் என்று ஒரு வால்கூட இல்லை. அப்போதுதான் வேறு வழி இல்லாமல் அந்த சவுண்டு பட்டனை அமுக்கச் சொன்னேன். முதலில் சொன்னேனே, அந்த ஆடு அப்படித்தான் அலறியது.

இந்தத் தடவை ஜெரால்டு உடனே நிறுத்தினான். நின்றது. ஆட்டுக்கு என்றால் ஒழுங்காக வேலை செய்கிறது.

துண்டுக்குள் கை

கிடாயைப் பிடித்துக்கொண்டு நின்றது ஒரு பெண். மூக்கம்மா என்று தரகர் கூப்பிட்டார். நாற்பது வயது இருக்கும். இடுப்பில் சுருக்குப்பை, கண்ணில் யாரையும் நம்பாத ஒரு பார்வை.

நான் நேராகப் போய், "அம்மா, இது எங்க நாயோட பட்டை" என்று சொல்லத்தான் போனேன். சிக்கந்தர் பாய் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"மாப்ள, சந்தைக்குள்ள நின்னுக்கிட்டு 'இது என் சாமான்'னு சொன்னா, 'நீ திருடி'ன்னு சொல்ற மாதிரி. கூட்டம் கூடிரும். அந்தம்மா கோவிச்சுக்கிட்டுக் கெளம்பிட்டா நாயும் போச்சு. நீ வாங்குறவன் மாதிரி நில்லு. பேச்சுக் குடு. பேசப் பேச மெதுவாக் கேட்டுக்குவோம்."

நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. ஜெனிக்குத் தெரியவில்லை. "கேட்டாச் சொல்ல மாட்டாங்களாப்பா?" என்றாள். "பெரியவங்க பேசுறப்ப சும்மா இரு" என்றேன்.

பிள்ளைகளே, ஆட்டுச்சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். தரகர் துண்டை விரித்து இரண்டு பேர் கைமேலும் போர்த்துவார். துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பிடித்து விலை போகும். வெளியே முகத்தில் ஒன்றும் தெரியாது. மாவு மில்காரனுக்கு இந்த விரல் கணக்கு எங்கே தெரியும்?

தரகர் துண்டைப் போட்டார். உள்ளே என் விரல் ஒன்றைப் பிடித்தார். நான் சிரித்தேன். இரண்டு விரலைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினார். நான் தலையை ஆட்டினேன். பிறகு, ஒருவர் நம் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நாம் சும்மா இருந்தால் மரியாதையாக இருக்காதே என்று, ஐந்து விரலாலும் அவர் கையை அன்பாக ஒரு அமுக்கு அமுக்கினேன்.

"முடிஞ்சது!" என்று தரகர் துண்டை உருவினார்.

"என்ன முடிஞ்சது?"

"யா அல்லா!" என்றார் சிக்கந்தர் பாய். "மாப்ள, கிடாய வாங்கிட்டியே!"

என்ன விலைக்கு என்று இங்கே எழுதப்போவதில்லை. ஸ்டெல்லா இந்தப் பத்திரிகையை வாராவாரம் வாசிக்கிறாள்.

போகட்டும், ஆடு நம்முடையது என்றால் பட்டையும் நம்முடையதுதானே, இனிப் பேச்சு சுலபம் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். மூக்கம்மா குனிந்து, கிடாயின் கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றினாள். சுருட்டினாள். இடுப்பில் செருகிக்கொண்டாள். வெறுங்கழுத்தோடு கிடாயை என் பக்கம் தள்ளினாள்.

"அம்மா... பட்டை?"

"ஆட்டத்தானே குடுத்தேன். கயித்தக் குடுத்தா ஆட்டுப்பட்டி பெருகுமாண்ணே?"

நான் பாயைப் பார்த்தேன். பாய் தன் தோளில் கிடந்த கயிற்றை எடுத்துக் கிடாய்க்குக் கட்டிக்கொண்டே, "அது மொறைதான் மாப்ள. விக்கிறவக கயித்தக் குடுக்க மாட்டாக. அதுக்குத்தானே நான் எப்பவும் கயிறு கொண்டாரேன்" என்றார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே பாய்!"

"நீ வாங்கப்போறன்னு எனக்கு என்னய்யா தெரியும்?"

ஜெனி கேட்டாள்

மூக்கம்மா கிளம்பத் திரும்பினாள். போனில் ஜெரால்டு, "அப்பா, புள்ளி போயிருச்சு! பேட்டரி அவுட்டு!" என்றான். என் கையில் ஒரு கிடாய். பட்டை இல்லை, புள்ளி இல்லை, நாய் இல்லை.

ஜெனி ஓடிப்போய் மூக்கம்மாவின் முன்னால் நின்றாள்.

"அக்கா, அந்தப் பட்டை எங்க நாயோடது. எங்க நாய் எங்கக்கா?"

மூக்கம்மா அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அந்தப் பார்வை மாறியது.

"செவலையா?"

"ஆமா."

"ஒடம்பெல்லாம் மாவு மாதிரி ஒட்டிக் கெடந்துச்சு?"

"ஆமாக்கா! ஆமா!"

"அட ஆத்தா, அது எங்க வீட்டுலதான் கெடக்கு. முந்தாநேத்து... இல்ல, நேத்து மத்தியானந்தான் வந்துச்சு. கழுத்துல இந்தச் சனியன் கத்திக்கிட்டே இருக்கு, அது வெறி புடிச்ச மாதிரி ஓடுது. பாவமேன்னு புடிச்சுக் கழட்டி விட்டேன். செத்த நேரத்துல இதுவும் வாய மூடிருச்சு. பட்டை நல்ல பட்டையா இருக்கேன்னு கிடாய்க்குக் கட்டுனேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "ஏண்ணே, இம்புட்டுப் பெரிய ஆளு, இத வந்ததும் கேக்குறதுக்கு என்ன? நாய விசாரிக்கவா ஒரு கிடாய வாங்குவீக?"

சிக்கந்தர் பாய் வேறு பக்கம் திரும்பி ஒரு ஆட்டின் பல்லைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"நேத்துச் சாயங்காலம்," என்று மூக்கம்மாவுக்கு வேறொன்று நினைவு வந்தது, "எங்க வீட்டுக்கு முன்னாடி குளத்துக்குள்ள எறங்கி நின்னு, சத்துமாவு சத்துமாவுன்னு ஒரு ஆளு கத்துனான். தண்ணிக்குள்ள நின்னு மாவு விக்கிறானே, என்ன கஷ்டமோன்னு நெனச்சேன். நீங்கதானா?"

"நான்தாம்மா."

"நீங்க கத்தக் கத்த அது கட்டிலுக்கு அடியில போயிக்கிட்டே இருந்துச்சு."

பட்டையை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்றேன். "கத்துமே?" என்றாள். "இனிமே கத்தாது. உசுரு போயிருச்சு" என்றேன். சரி, கிடாயையாவது திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். வித்ததைத் திரும்ப வாங்கினாலும் பட்டிக்கு ஆகாதாம். ஆட்டுக்காரர்களின் முறைகள் எல்லாமே ஆட்டுக்காரர்களுக்கு அனுகூலமாகத்தான் இருக்கின்றன.

கிடாய் இப்போதும் எங்களிடந்தான் இருக்கிறது. ஸ்டெல்லா திட்டுவதற்கு என் பேரோடு அதன் பேரையும் சேர்த்துக்கொண்டாள். இதை எழுதும்போது என் மேஜைக்கடியில் நின்று போன வார இதழைத் தின்றுகொண்டிருக்கிறது. என் தொடரை முழுசாக உள்வாங்கிய வாசகர் அது ஒன்றுதான்.

கட்டிலுக்கு அடியில்

குட்டியானையில் மூக்கம்மா, ஜெனி, நான், கிடாய், பாய் வாங்கிய ஆடுகள் என்று எல்லாரும் வந்த வழியே திரும்பி, திண்டுக்கல்லைத் தாண்டி, அந்தக் குளத்தங்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் முந்தின நாள் நின்று கத்திய இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற ஓட்டு வீடு. வாசலில் கயிற்றுக் கட்டில். கட்டிலுக்கு அடியில் இரண்டு ஆட்டுக்குட்டிகள். அதற்கு நடுவில் சத்துமாவு.

வண்டிச் சத்தத்துக்குக் காது நிமிர்ந்தது. ஜெனியைப் பார்த்ததும் வால் தரையில் இரண்டு தட்டுத் தட்டியது. பாதி உடம்பு வெளியே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, என் கையில் இருந்த வீடியோ காலில் ஜெரால்டு, "சத்து! சத்துக்குட்டி!" என்றான்.

நாய் சரேலென்று உள்ளே போய்விட்டது. சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. ஒரே பாயில் படுத்தவனின் குரல். அதைக் கேட்டு நடுங்கியது. ஜெரால்டின் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன்.

ஜெனி என் கையிலிருந்து போனை வாங்கினாள். முந்தின நாளிலிருந்து அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசாதவள்.

"அண்ணே."

"சொல்லு ஜெனி."

"செத்த நேரம் பேசாம இரு."

"நான் வேணும்னு..."

"தெரியும். பேசாம இரு. பாத்துக்கிட்டு மட்டும் இரு."

தண்ணீர்த் தொட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்தாள். கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை. கையை நீட்டவில்லை. சிக்கந்தர் பாய் வண்டியின் எஞ்சினை நிறுத்திவிட்டார். குட்டிகள் மட்டும் ஏதோ மென்றுகொண்டிருந்தன.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் மூக்கு வந்தது. ஜெனியின் செருப்பை மோந்தது. யூனிஃபார்மை மோந்தது. பிறகு முழுசாக வெளியே வந்து, அவள் தோளில் தாடையை வைத்து ஒரு பெருமூச்சு விட்டது. ஜெனி திரும்பாமலே அதன் காதைப் பிடித்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

மூக்கம்மா தொட்டிப் பக்கம் போய்க் குனிந்து போனைப் பார்த்தாள்.

"யாருண்ணே இது? இம்புட்டு அழுகுது?"

"என் மகன்மா. பெங்களூருல இருக்கான்."

"நாய்க்காகவா அழுகுது?"

"அதும்தான். ஊருக்கு வந்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு."

"அங்கன என்ன செய்யுது?"

"வேலைதான். லீவு கெடைக்க மாட்டேங்குது."

மூக்கம்மா இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். ஜெரால்டின் கழுத்தில் ஒரு நீலப் பட்டை, அதன் நுனியில் அட்டை.

"கழுத்துல என்னண்ணே அது?"

"ஆபீஸ்ல குடுத்தது. அதக் காட்டுனாத்தான் கதவு தொறக்கும். எப்ப உள்ள வந்தான், எப்ப வெளிய போனான், எங்க நிக்கிறான்னு எல்லாம் அதுலயே தெரிஞ்சிருமாம்."

மூக்கம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அடப் பாவமே. இதுக்கும் கட்டியிருக்காகளா?"

ஜெனி சொன்னபடி ஜெரால்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. குனிந்து தன் கழுத்தைப் பார்த்தான். பிறகு அந்தப் பட்டையைத் தலைவழியாகக் கழற்றி, எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு பக்கத்தில் வைத்தான்.